அரை மணி நேரம்தான் மிச்சம்: டென்ஷனைக் குறைக்க அதை எதில் போடுவது?

வேலைக்குப் போகிற ஒருவருக்கு, அதுவும் வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால், ஒரு நாளில் தனக்கென்று கிடைப்பது அரை மணி நேரம், மிஞ்சிப் போனால் முக்கால் மணி நேரம். அந்த நேரத்துக்குத்தான் எத்தனை யோசனைகள்! ஆபீஸில் ஹெச்.ஆர். ஒரு தியான ஆப்புக்கு இலவச சந்தா தருகிறார். டாக்டர் நடக்கச் சொல்கிறார். அண்ணி யோகா கிளாஸில் சேரச் சொல்கிறார். நண்பன், "ரெண்டு நாள் ஏற்காடு போயிட்டு வாடா, எல்லாம் சரியாயிடும்" என்கிறான். கவுன்சிலிங் போகலாமா என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு முறைக்கே எவ்வளவு கேட்பார்களோ என்ற பயமும் கூடவே ஓடுகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல யோசனைதான், ஆனால் எல்லாவற்றையும் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை, எனவே எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் முதல் மாதம் அந்த நேரத்தைத் தலையில் இருக்கும் சுமையையே குறைப்பதில் போட வேண்டும். ஆபீஸில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு. கூடவே தூக்கத்தைச் சரி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு நடை. தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் அதற்கும் பிறகு. கவுன்சிலரும் டாக்டரும் இந்த வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் இல்லை, அவர்கள் தேவைப்படுகிற நிலையில் இருப்பவருக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்கள்தான்.

ஏன் இந்த வரிசை? ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984-ல் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, டென்ஷனைக் கொண்டுவரும் பிரச்சினையில் கை வைப்பது. இன்னொன்று, அதனால் மனதில் எழும் கொந்தளிப்பை அடக்குவது. மாற்ற முடிகிற விஷயத்துக்கு முதல் வழி, மாற்றவே முடியாததற்கு இரண்டாவது வழி என்பது பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. அப்பாவுக்கு வந்த பார்கின்சன் நோயை உங்களால் மாற்ற முடியாது, அங்கே மனதைத் தேற்றும் வழிகள்தான் கைகொடுக்கும். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்கு வரும் கிளையன்ட் ஃபோன் காலின் நேரத்தை மாற்ற முடியுமா என்று ஒரு தடவை கூடக் கேட்காமல், அந்தக் கால் முடிந்ததும் தியானம் செய்வது என்பது அரை மணி நேரத்தைத் தவறான இடத்தில் செலவழிப்பது.

அதனால் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேலையையும் மன அழுத்தத்தையும் ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் சொன்ன ஒரு விஷயத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஒருவரை உடைப்பதில்லை, வேலையும் அதிகமாக இருந்து, அதை எப்போது எப்படிச் செய்வது என்ற பிடியும் நம் கையில் இல்லாதபோதுதான் உடம்பு கெடுகிறது. லண்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்று நாம் நினைப்போம், அங்கே கடைநிலை ஊழியர்கள்தான் இதய நோயால் அதிகம் இறந்தார்கள். வேலையின் மேல் பிடி குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம் என்று அதன் தொடர்ச்சியாக வந்த இரண்டாம் ஆய்வு காட்டியது. நேரக் கணக்கும் முக்கியம்தான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல்.

சரி, அப்படியானால் ஆபீஸ் தரும் ஆப், மனதைத் திடப்படுத்தச் சொல்லித் தரும் ரெசிலியன்ஸ் வொர்க்‌ஷாப் எல்லாம்? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களும் மனநலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தார்கள். தன்னார்வத் தொண்டு மட்டும் கொஞ்சம் வித்தியாசம் காட்டியது. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு தடவை எடுத்த தரவு என்பதால் இதையே கடைசித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பணிச்சுமை, ஷிப்ட், ஆள் பற்றாக்குறை இவற்றைத் தொடாமல் ஆப்பை மட்டும் கையில் கொடுக்கும் நிறுவனத்திடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

மேனேஜரிடம் பேசுவதற்கு முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள். என்ன வேலை வந்தது, யார் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, அதற்காக எதைத் தள்ளிப் போட்டீர்கள். அவ்வளவுதான். "எனக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று போய் நின்றால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, இரண்டு நாள் லீவு எடுத்துக்கோ என்பார். "இந்த மூணுல ரெண்டுதான் வெள்ளிக்கிழமைக்குள்ள முடியும், எந்த ரெண்டு வேணும்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். வாரம் ஐந்து நாள் ராத்திரி கால் என்பதை இரண்டாக்குவது, ஆன்-கால் முறையில் (எந்த நேரம் கூப்பிட்டாலும் வேலைக்கு வர வேண்டிய முறை) இன்னும் ஒருவரைச் சேர்ப்பது, காலையில் டீம் கூடும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கை அரை மணி தள்ளுவது, இப்படி. அமெரிக்கக் கிளையன்ட் என்றால் நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நமக்குக் கால் இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகும், அக்டோபரிலேயே பேசிவிடுவது நல்லது. இந்த வழிக்குப் பணச் செலவு கிடையாது. தைரியம் வேண்டும். சில இடங்களில் அதற்கு விலையும் உண்டு, அப்ரைசலில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம் வீண் பயம் இல்லை. அதனால் தனியாகப் போவதைவிட அதே பிரச்சினை உள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரே கணக்கை வைத்துப் பேசுவது பாதுகாப்பு.

சேர்ந்து கேட்பது என்று சொல்லும்போது ஐ.டி. ஆட்களை மட்டும் நினைக்கவில்லை. தி.நகரிலோ மதுரை மாசி வீதிகளிலோ ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை எடுத்துப் போடும் பெண்களுக்குக் கால் வீங்கும், முதுகு வலிக்கும், ராத்திரி வீட்டுக்குப் போனால் எரிச்சல் எல்லாம் பிள்ளைகள் மேல் போகும். அவர்களுக்கு யாராவது மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கொண்டு வந்தார்கள், கேரளம் அதை 2018-லேயே செய்துவிட்டது. ஒரு ஸ்டூல் போடுவது மனநல நடவடிக்கை என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன். உங்கள் கடையில் ஸ்டூல் இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்றால், சட்டம் உங்கள் பக்கம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

வேலையையே விட்டுவிடுவது? சில சமயம் அதுதான் சரி. மேனேஜர் நாள்தோறும் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறார், மேலே புகார் சொல்லியும் எதுவும் நடக்கவில்லை என்றால் அங்கே மாற்ற எதுவும் மிச்சமில்லை. ஆனால் கோபத்தில் பேப்பர் போட்டுவிட்டு, நோட்டீஸ் பீரியட் முழுக்க இ.எம்.ஐ. கணக்குப் போட்டுத் தூக்கம் கெடுவதைவிட, ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டோ அடுத்த ஆஃபர் வாங்கிக்கொண்டோ கிளம்புங்கள். அடுத்த இடத்தில் இன்டர்வியூ கொடுக்கும்போது சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: டீமில் எத்தனை பேர், ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்.

இனி வீடு. இங்கேதான் பெரிய சுமை இருக்கிறது, இதைத்தான் யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! ஆபீஸ் முடித்துவிட்டு வரும் பெண்ணுக்கு இதில் ஒரு பகுதி விழுந்தாலே, யோகா கிளாஸுக்கு அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? அவரிடம் போய் "உனக்குன்னு கொஞ்சம் டைம் ஒதுக்கிக்கோ" என்று சொல்வது அவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவது.

இதில் கூடமாட உதவி செய்வது வேறு, பொறுப்பை எடுத்துக்கொள்வது வேறு. கேட்டால் காய் நறுக்கித் தருகிற கணவர் நல்லவர்தான், ஆனால் நாளைக்கு என்ன டிபன், மாவு இருக்கிறதா, கேஸ் புக் பண்ணியாச்சா, மாமியாரின் பிபி மாத்திரை தீர்ந்துவிட்டதா, வியாழக்கிழமை பிள்ளைக்குக் கலர் டிரஸ்ஸா யூனிஃபார்மா என்பதெல்லாம் இன்னும் ஒருவர் தலைக்குள்ளேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைவிட முழுதாக ஒன்றைக் கைமாற்றுங்கள். காலை டிபன் என்றால் மாவு வாங்குவதிலிருந்து லஞ்ச் பாக்ஸ் கழுவி வைப்பதுவரை அவர் பொறுப்பு. உப்பு கூடினாலும் பேசாமல் சாப்பிடுங்கள். மாமனார் மாமியார் ஒரே வீட்டில் இருந்தால் இது லேசான பேச்சில்லை என்று தெரியும், பையன் அடுப்படியில் நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அந்தப் பேச்சை மருமகள் பேசக் கூடாது, மகன்தான் தன் அம்மாவிடம் பேச வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால், ஜிம்மில் வருடச் சந்தா கட்டுவதா, சமையலுக்கோ பாத்திரத்துக்கோ ஓர் அக்காவை வைத்துக்கொள்வதா என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். ஜிம் உங்கள் நாளிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுக்கும், அந்த அக்கா உங்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தருவார். அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள், டென்ஷன் அவருக்கும் உண்டு.

ஆபீஸும் வீடும் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஜெர்மனியைச் சேர்ந்த சபீனே சொன்னன்டாக் என்ற உளவியலாளர் வேலை முடிந்த பிறகு மனது எப்படி மீள்கிறது என்பதைப் பல வருடங்களாக ஆராய்கிறார். உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டாலும் மனது வேலையிலிருந்து கழன்று வரவில்லை என்றால் களைப்பு தீர்வதில்லை என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு எளிய வழி, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை ராத்திரி மியூட் செய்வது, லேப்டாப்பை மூடுவதற்கு முன் நாளைக்கு முதலில் செய்யப்போகிற வேலையை ஒரு தாளில் எழுதிவிடுவது. எழுதிவிட்டால் அது தலைக்குள் சுற்றுவது குறைகிறது. ஆன்-கால் வாரத்தில் இது நடக்காது, அதனால்தான் அந்த வாரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி முதலிலேயே எழுதினேன்.

தூக்கமா, உடற்பயிற்சியா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் தூக்கம். ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறவர் நாலரைக்கே அலாரம் வைத்து எழுந்து வாக்கிங் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அது குறைந்தால் சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று கோபம் வருவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் இருந்த காஃபின் பாதியளவு ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும், அதனால் காபி மத்தியானத்தோடு முடியட்டும். படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து, வெளிச்சம் குறைவான இடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பவர்களுக்கு: தூக்கம் சீக்கிரம் வரும், உண்மைதான், ஆனால் நடு இரவுக்கு மேல் அது உடைந்து உடைந்து போகும், மறுநாள் இன்னும் மோசமாக இருக்கும்.

தூக்கம் ஓரளவு சரியான பிறகு நடை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிறது, ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கீழ்வரம்பு வந்துவிடும். ஜிம், ஜும்பா, யோகா, நடை இவற்றில் டென்ஷனைக் குறைக்க எது உசத்தி என்று அலசிக்கொண்டிருக்க வேண்டாம், உங்களால் மூன்று மாதம் கழித்தும் செய்ய முடிகிறதுதான் உங்களுக்கானது. என் ஓட்டு நடைக்கு, ஏனென்றால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்காமலும் சமாளிக்கலாம். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கலாம், கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் நாள் முழுக்கப் பேச முடியாததைப் பேசலாம். முழங்கால் வலி இருந்தாலோ தெருவில் நாய்த் தொல்லை இருந்தாலோ வீட்டுக்குள் யோகா நல்லது, முதலில் ஒரு ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொண்டு.

தியானத்துக்கு வருகிறேன். இது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலிருந்து இன்றைய ஆப்கள் பலவற்றின் வேர் வருகிறது. 2014-ல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பதற்றமும் மனச்சோர்வும் வலியும் மிதமான அளவில் குறைவது தெரிந்தது, ஆனால் உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிட அது மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கபாட்-ஜினின் பயிற்சியில் வாரம் ஒரு நீண்ட வகுப்பும், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரமும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆப்பில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

மூச்சுப் பயிற்சியை நான் இதிலிருந்து தனியாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அது செலவே இல்லாமல் அந்த நிமிடத்துக்கு உதவுகிறது. இழுப்பதைவிட விடும் மூச்சை நீளமாக்கி, மெதுவாக, சில நிமிடம். இதயத் துடிப்பு தணிவதை நீங்களே உணரலாம். அப்ரைசல் மீட்டிங்குக்குள் நுழையும் முன், பிள்ளையைத் திட்ட வாயெடுக்கும் முன், பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வீட்டுப் படி ஏறும் முன். கண்ணை மூடி உட்கார்ந்தாலே பழைய கெட்ட நினைவுகள் பொங்கி வருகிறவர்கள் மட்டும் தியானத்தைத் தனியாக வலிந்து செய்யாமல், இதில் பயிற்சி உள்ள ஒருவரின் துணையோடு செய்வது நல்லது.

லீவு போட்டு ஊருக்குப் போவது சந்தோஷம்தான், போங்கள். ஆனால் அதன் பலன் சில வாரத்தில் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, திரும்பி வரும்போது இன்பாக்ஸில் குவிந்திருப்பதைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் கரையும். வருடத்துக்கு ஒரே பெரிய லீவைவிட, இரண்டு மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சேர்த்து எடுக்கும் சின்ன லீவுகளே எனக்குச் சரியாகப் படுகின்றன.

கடைசியாக கவுன்சிலரும் டாக்டரும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கமோ பசியோ கெட்டு, பிடித்த எதிலும் ஆசை இல்லாமல், வேலையும் ஓடாமல் இருந்தால் மேலே சொன்ன எதையும் முயன்று பார்க்கக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான், முதலில் இதயத்தையும் தைராய்டையும் ஒரு பொது மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும். 14416 என்பது மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம்.

கவுன்சிலிங்கா, மாத்திரையா? ஒரே மாதிரி எண்ணங்கள் சுழன்று சுழன்று வருகிறவர்களுக்கும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் சுமை ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும், கணவன் மனைவிக்குள் பேச்சே சண்டையாகிறவர்களுக்கும் பேச்சு சிகிச்சை நல்ல வழி. அதற்குச் சில மாதம் பிடிக்கும், பணமும் ஆகும். யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று போர்டு வைத்துக்கொள்கிறார்கள், அதனால் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. மனநிலை எழுந்து நிற்கவே முடியாத அளவுக்கு விழுந்துவிட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், மாத்திரையால் அடிமையாகிவிடுவோம் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தரும் மாத்திரைகள் போதை தருபவை இல்லை, பலன் தெரிய சில வாரம் ஆகும், நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளவை அல்ப்ரசோலம் போன்ற உடனே அமைதி தருகிற மாத்திரைகள். அவற்றைத் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது, இந்தக் கட்டுரையில் வந்த எல்லா வழிகளிலும் மோசமானது.

பணம்தான் தடை என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் செலவில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்கு உள்ளது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும், ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் அது அட்மிட் ஆனால்தான் கிடைக்கும். ஆபீஸ் குரூப் பாலிசியாக இருந்தால் வெளிநோயாளி ஆலோசனைக்கும் உண்டா என்று ஹெச்.ஆரிடம் பொதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், யாருக்காக என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது அந்த ஒரு வாரக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை தடவை விழிக்கிறீர்கள், ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா என்பதையெல்லாம் மறைக்காமல் சொன்னால் முதல் நாளிலேயே சரியான இடத்தில் ஆரம்பிக்க அவரால் முடியும்.